சுகந்தி புட்வேர், எதிரில் பஸ் ஸ்டாப்

ஜூலை 7, திங்கள்

வெற்றி குணா சார் டைரி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். பேருக்கு முன்னால் இருக்கும் 'வெற்றி' அவரே வைத்துக்கொண்டது. நானும் சவரிமுத்து என்ற என் பேருக்கு முன்னால் ஏதாவது வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் கட்சிக்காரன் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

போன வருஷக் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் வகுப்பு நடந்தது. 'ஜெயித்த முதலாளிகளின் பாடங்கள்' என்று பேனர். ஓட்டலில் டம்ளர் கழுவியவர் சொந்தமாக ஓட்டல்கள் வைத்த கதை, சைக்கிளில் சோப்பு விற்றவர் சோப்புக் கம்பெனியே வைத்த கதை. கேட்கக் கேட்க எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த உர வியாபாரி அழுதேவிட்டார். லாரி புக்கிங் ஆபீசில் பார்சலுக்கு நம்பர் போட்டே காலம் போய்விட்டதே என்று நானும் மூக்கைச் சிந்தினேன். அந்தச் சூட்டோடு வேலையை விட்டு இந்தச் செருப்புக் கடையை எடுத்தேன். டைரிக்கு மட்டும் இவ்வளவு நாள் நேரமில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது நேரம் நிறையக் கிடைக்கிறது.

குணா சாரின் விதி: தோல்வி, நஷ்டம், இல்லை போன்ற சொற்களை வெற்றியாளன் எழுதக் கூடாது. அந்த இடத்தில் 'பாடம்' என்று போட வேண்டும். அப்புறம் அவர் குரலை இழுத்துச் சொல்லும் ஒன்று: "வெற்றியை மட்டும் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ. பாடத்தை வாசல்ல செருப்போட கழட்டி விடு." செருப்புக் கடைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக எவன் சொல்வான்?

இன்று வியாபாரம்: பாடம்.

ஜூலை 8, செவ்வாய்

பாடம்.

ஜூலை 10, வியாழன்

ஒரு அம்மா வந்தார். எல்லா டப்பாவையும் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "வத்தலக்குண்டு பஸ் இங்க நிக்குமா தம்பி?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். போய்விட்டார்.

மகள் அனிட்டாவுக்கு என் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. "எவளோ ஒரு சுகந்தி பேர்ல கடை நடத்துறீங்களேப்பா, எம் பேரு என்ன கெட்டுப் போச்சு?" என்று இன்று காலையும் ஆரம்பித்தாள். முன்பு இருந்தவர் தன் மகள் பெயரை வைத்திருக்கிறார். ஓடுகிற பெயரை மாற்றாதே என்பது குணா சார் பாடம். அதனால் போர்டை அப்படியே விட்டேன். ராத்திரி லைட் போட்டால் பச்சையில் சிவப்பு எழுத்து ஜம்மென்று இருக்கும். முன்பு இருந்தவர் எங்கே என்று கட்டட ஓனரைக் கேட்டதற்கு, "அவருக்கு இந்த எடம் பத்தல சார். மதுரையில பெருசா போட்டுட்டாரு. ராசியான கட" என்றார். ராசி என்னிடம் வர வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிறது போல.

எதிர்த்த பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் ஒயர் கூடை. எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் வந்தால் கடை வாசல் கூட்டி, தண்ணி தெளித்திருக்கிறது. நான் கூட்டவில்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன். "எங் கட வாசலே அப்பிடியேதான் கெடக்கு, ஒங் கடைக்கு வந்து கூட்டுறனாக்கும்" என்றார்.

சனிக்கிழமையும் இப்படித்தான் இருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டேன். மழை எங்கேயாவது விளக்குமாற்றுக் கோடு போடுமா?

பேயாக இருந்தால் நல்ல பேய். எங்கள் வீட்டிலேயே அந்த வேலைக்கு ஆள் கிடையாது.

பாடம்.

ஜூலை 19, சனி

மனைவி ஸ்டெல்லா மறுபடி கேட்டாள். அவள் ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றும் பக்கம் நிற்கிறாள். நாள் முழுக்க நின்று முட்டி வீங்கிப் போகிறது. "ஏங்க, கடைதான் நல்லா போகுதுங்குறீங்களே. நான் வேலைய விட்டுறவா?"

"தாராளமா விடு" என்றேன். வெற்றியாளன் தயங்கக் கூடாது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நான் கேட்கவே இல்லை.

மில் வேன் சாயங்காலம் நம் கடை வழியாகத்தான் போகும். பஸ் ஸ்டாப்பை ஒட்டி வேகத்தடை இருப்பதால் அங்கே மெதுவாகும். "ஜன்னல் சீட்டுலதான் வருவேன், கடையப் பாத்துக்கிட்டே போவேன்" என்று கடை திறந்த புதிதில் சொன்னாள். அதனால் வேன் வரும் நேரத்துக்கு நான் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். இரண்டு டப்பாவைத் திறந்து, ஸ்டூலுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எதிரில் ஆள் இருப்பது மாதிரி செருப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். வாயையும் அசைப்பேன். "சோல் பாருங்கம்மா, தண்ணியில வழுக்காது." ஸ்டூல் ஒரு நாளும் பேரம் பேசியதில்லை. ஜெயித்ததைப் போல நடி, ஜெயித்துவிடுவாய் என்பதும் ஒரு பாடம்தான்.

வேன் போகும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஸ்டெல்லா தெரிவதே கிடையாது. அசதியில் தூங்கிவிடுவாள் போல.

ஜூலை 23, புதன்

கண்ணில் படுகிற ஒவ்வொருவனும் உன் வாடிக்கையாளன்தான் என்று குணா சார் வாட்சப்பில் அனுப்பியிருந்தார். என் கண்ணில் படுகிறவர் ஒரே ஒருவர்தான். எதிர்த்த பெஞ்சுப் பெரியவர்.

அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை, கால்தான் பழக்கம். கடைக்குள் தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று இருக்கிறது, செருப்பைப் போட்டுப் பார்ப்பதற்கு. வாடிக்கையாளர் யாரும் மறைக்காததால் அதில் ரோடு தெரியும், ரோட்டுக்கு அப்பால் பெஞ்சு தெரியும், பெஞ்சில் அந்த இரண்டு கால். பழுப்பு வார் வைத்த செருப்பு. காலை முழுக்க, மதியம் முழுக்க, கடையைப் பார்த்தபடி.

இன்று தைரியமாக ரோட்டைத் தாண்டினேன். நான் பாதி தூரம் வருவதற்குள் அவர் எழுந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், அந்தக் கால் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்துவிட்டார் போல.

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

மத்தியானத்துக்கு முன்னால் இளம்பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆகா என்று எழுந்து, "வாங்கம்மா, பாப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றேன்.

"அப்பா இல்லையாண்ணே?"

"எந்த அப்பா?"

"தண்டபாணி. கட ஓனர். நான் சுகந்தி."

போர்டு உயிரோடு வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வான்? மதுரைக்குப் போனவரின் மகள் இங்கே ஏன் தேடுகிறாள் என்று யோசித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். எதிர்த்த பெஞ்சுப் பெரியவர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தலை 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடியது.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. மதுரையும் இல்லை, பெரிய கடையும் இல்லை. கடை கைமாறியதை வீட்டில் சொல்லாமல் தினமும் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்து, எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

என் வாய் தானாகப் பேசியது. "மொதலாளி சரக்கு எடுக்கப் போயிருக்காரும்மா. நான் இங்க வேல பாக்குறேன்."

முதலாளி ஆவதற்காக வேலையை விட்டவன், சொந்தக் கடையில் என்னையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

"நல்லதுண்ணே. அப்பாவுக்குத் தொணைக்கு ஒரு ஆளு இருக்குன்னா அம்மாவுக்கு நிம்மதி" என்றாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "பிரஷர் மாத்திர. மறந்து வச்சுட்டு வந்துட்டாரு. சாப்பிட்ட ஒடனே போடச் சொல்லுங்க. பேச்சு மும்முரத்துல விட்டுருவாரு."

நின்ற நேரம் முழுக்க ரோட்டுக்கு முதுகைக் காட்டியே நின்றாள். ஆட்டோவில் ஏறும்போதும் எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. பிள்ளைதான் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அதன் தலையை மெல்லத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

மாத்திரையைக் கொடுக்கப் போனேன். இன்று ஓடவில்லை.

"ஒங்களுக்கு ரொம்பக் கடமப்பட்டிருக்கேன் தம்பி."

"உள்ள வந்து உக்காருங்கண்ணே. வெயில்ல எதுக்கு?"

தயங்கினார். அப்புறம் ரோட்டைத் தாண்டினார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செருப்புக் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

"வாசல் கூட்டுறது நீங்கதானே?"

"பழக்கம் தம்பி. கை சும்மா இருக்க மாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க."

பேய் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

நான்கு நாளாக உள்ளே வந்து உட்காருகிறார். அவர் வந்த நேரம் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு விற்றது. பாடம் இல்லாத நாள்!

வியாபாரத்துக்கு ஏதாவது யோசனை சொல்லுங்கண்ணே என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி எதிர்த்தாப்புல உக்காந்திருக்கேன்?" என்று சிரித்தார். பல் வரிசையாக இருந்தது. இதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வீட்டுல சொல்லிருக்கலாமேண்ணே."

"சொல்லணும்னுதான் இருக்கேன். காலையில கெளம்புறப்ப, சாயங்காலம் வந்து சொல்லிக்கலாம்னு தோணும். சாயங்காலம் அவ சிரிச்ச மொகமா வந்து கூடைய வாங்குவா. சரி, காலையில சொல்லிக்கலாம்."

அவர் மனதைத் தேற்ற நினைத்து குணா சார் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "வெற்றியை மட்டும் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ..."

"பாடத்தை வாசல்ல செருப்போட கழட்டி விடு" என்று முடித்தார். அதே இழுவை. அதே இடத்தில் மூச்சு.

"அந்த மண்டபத்துல சாப்பாடு நல்லாருந்துச்சு, இல்ல தம்பி?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாதிரியைப் பார்த்தேன். அந்த ஸ்டூலின் ரெக்சினில் ஒரு பக்கம் மட்டும் குழி. கடை எடுத்ததிலிருந்து அது ஏன் எனக்கு உறுத்துகிறது என்று தெரியாமல் இருந்தேன். அவருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"ஒங்க வீட்டுல தெரியுமா தம்பி?"

"எங் கத வேறண்ணே. எனக்கு வியாபாரம் போய்க்கிட்டுதானே இருக்கு."

அலமாரியில் மேலிருந்து கீழ் வரை அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். "ஆமா, ஆமா" என்றார், மரியாதையாக.

மில் வேன் வந்தது. நான் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தேன். இன்று ஸ்டூலில் நிஜமாகவே ஆள் இருந்ததால் நடிக்கத் தேவையில்லை. அவர் காலில் போட்டுக் காட்டினேன். "சோல் பாருங்கண்ணே, தண்ணியில வழுக்காது." அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலை ஒத்தாசையாக நீட்டினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவர் வரவில்லை. வாசல் குப்பையாகக் கிடந்தது. நானே கூட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வரவில்லை. பெஞ்சில் யார் யாரோ உட்காருகிறார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள். பெஞ்சுக்கு அதுதான் வேலை என்றே எனக்கு மறந்து போயிருந்தது.

பாடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்ணாடியில் அந்தக் கால் தெரிந்தது. பழுப்பு வார். சந்தோஷமாக நிமிர்ந்தேன். பெஞ்சு காலி. மறுபடி குனிந்து பார்த்தால் கண்ணாடியில் வெயில் மட்டும் இருந்தது.

கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். யார் செருப்பு போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டெல்லா தேதியே குறித்துவிட்டாள். "வர்ற திங்கக்கெழம மில்லுல லெட்டர் குடுத்துர்றேன். அப்புறம் திரும்பப் போய்ச் சேர முடியாது. எனக்குப் பதிலா ஆளு போட்டுருவாங்க. குடுத்துரலாம்ல?"

இப்போது சொல்ல வேண்டும். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று அவளிடமே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"குடுத்துரு" என்று வந்தது.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "சாயங்காலம் யோசிச்சுச் சொன்னாலும் சரிதாங்க" என்றாள். அவளுக்கு எதற்கு யோசனை? வெற்றியாளன் மனைவி.

காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

சுகந்தி வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் துணியில் சுற்றிய சட்டம். எழுந்து, "மொதலாளி சரக்கு எடுக்க..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்ணே" என்றாள். "அப்பா தவறிட்டாரு. மூணாந்தேதி, ஞாயித்துக்கெழம. கடை லீவுன்னு நிம்மதியாத் தூங்குனாரு, எந்திரிக்கல."

துணியைப் பிரித்தாள். அவர் போட்டோ. மாலை போட்டிருந்தது.

"பதினாறாம் நாள் வரைக்கும் இது கடையில இருக்கட்டும்னு அம்மா ஆசப்படுது. ஒங்க கடைதான், எங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குச் சம்மதம்னாத்தான்."

"எங் கடைன்னு... ஒங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"கைமாறுன மறுவாரமே. அம்மா பழனிக்குப் போயிட்டு வர்றப்ப பஸ்ல இருந்து பாத்துருச்சு. கல்லாவுல நீங்க இருக்கீங்க, அப்பா பெஞ்சுல இருக்காரு." ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழி அவளுக்குப் பொருந்தவில்லை. "சொல்லிட்டா மறுநாள் காலையில எங்க போவாரு? அதான் சோத்தக் கட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தோம். அவரே சொல்லட்டும்னு."

"அன்னைக்கு மாத்திர குடுக்க வந்தப்போ..."

"அவரு எதிர்ல இருக்காருன்னு தெரிஞ்சுதான் இங்க வந்தேன். நேரா அங்க போய்க் குடுத்தா ஒடஞ்சு போயிருவாரு." பிள்ளையின் தலையைத் தடவினாள். "இந்த வழியா பஸ்ல போறப்பல்லாம் நாங்க சீட்டுக்குக் கீழ குனிஞ்சுக்குவோம்ணே. எங்களப் பாத்துட்டா அவரு வேற ஸ்டாப்பு தேடிப் போகணும்ல? இவனுக்கு அது வெளையாட்டாப் போச்சு. 'தாத்தா ஸ்டாப்பு'ன்னா தலையக் கவுத்துக்குவான்."

பிள்ளை அதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே தலையைக் கவிழ்த்தது.

"ரொம்பத்தான் காத்திருந்துட்டோம்" என்றாள்.

கல்லாவுக்கு மேலே மாட்டினேன். பெஞ்சிலிருந்து கடையைப் பார்த்தவர், இப்போது கடையிலிருந்து பெஞ்சைப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாள் முழுக்க நானும் அவரும்தான். வேறு யாரும் வரவில்லை.

சாயங்காலம் மில் வேன் வரும் நேரத்துக்குக் கை தானாக டப்பாவை எடுத்தது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டூலுக்குச் செருப்பைக் காட்டினேன். ஆனால் இன்று ஓரக்கண்ணால் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தேன்.

வேகத்தடையில் வேன் மெதுவானது. ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள். மூன்றாவது ஜன்னலில் ஒரு தலை, தலையில் ஸ்டெல்லாவின் மஞ்சள் துப்பட்டா. அது என் பக்கம் திரும்பியது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சடாரென்று கீழே குனிந்தது.

வேன் போய் ரொம்ப நேரம் ஒற்றைச் செருப்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். கோயிலில் ஸ்டெல்லா பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். முட்டி வலியோடு அவளும் மண்டியிட்டிருந்தாள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சாயங்காலம் டப்பாவை எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி, அவர் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடை எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? போர்டு, லைட், வரிசையாக டப்பா. ஆள் வருவதில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். மனுஷன் ஏன் தினமும் வந்தார் என்று விளங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கும் எழுந்திருக்க மனசு வந்திருக்காது.

வேன் வந்தது. வேகத்தடையில் ஏறும்போது ஓடிப்போய் மூன்றாவது ஜன்னல் தகரத்தைத் தட்டினேன். ஸ்டெல்லா கடைப் பக்கம் பார்த்துக் குனிந்திருந்தாள், நான் இந்தப் பக்கம் நிற்பது தெரியாமல்.

"ஸ்டெல்லா, தலைய நிமித்து. கழுத்து புடிச்சுக்கும்."

உள்ளே சிரிப்புச் சத்தம். "ஏ ஸ்டெல்லா, செருப்புக்கடக்காரரு வந்துருக்காருடி, எறங்கு!" டிரைவர் நிறுத்தினார். இறங்கினாள். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கடையில யாரும் வர்றதில்ல" என்றேன். "வந்ததே இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய்யி."

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொதல் வாரத்துலருந்து. யாருக்குங்க அப்பிடி விழுந்து விழுந்து செருப்பு காட்டுனீங்க? ஸ்டூலுக்கா?" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேன்ல எல்லாரும் பாப்பாளுக. ஒருத்தி கேட்டா, ஒம் புருஷனுக்குக் கிறுக்கான்னு. அன்னைலருந்துதான் குனிய ஆரம்பிச்சேன். என்னையப் பாத்துட்டா ஒங்களுக்குத் தாங்காதுன்னு."

"அப்ப லெட்டர்?"

"எங்க எழுதுனேன்? வேலைய விடுறேன் விடுறேன்னு சொன்னா, பதறிப் போய் வேணாம்பீங்கன்னு பாத்தேன். மகராசா, தாராளமா விடுன்னீங்க." என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. "திங்கக்கெழமையும் நீங்க வாயத் தொறக்கலன்னா என்ன செய்யிறதுன்னு எனக்கே தெரியலங்க."

இருட்டிக்கொண்டு வந்தது. கடை போர்டைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இந்த மாசத்தோட ஓனர்ட்ட சாவியக் குடுத்துருவோம். பழைய ஆபீசுல கேட்டுப் பாருங்க."

கேட்பார்களா, சேர்ப்பார்களா, தெரியாது. சரி என்றேன்.

இருவரும் கடைக்கு வந்தோம். அவள் கண்ணாடியை எடுத்து நேராகத் திருப்பி வைத்தாள். அதில் எங்கள் நான்கு கால், அப்பால் காலிப் பெஞ்சு. போட்டோவைப் பார்த்து, "இவர்தானா?" என்றாள். வாசலில் நாங்கள் கழற்றி விட்ட செருப்பை எதற்கோ ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

குணா சார் மன்னிக்க வேண்டும். இன்று வியாபாரம் இல்லை. நேற்று இல்லை. முந்தாநாளும் இல்லை.

லைட்டை அணைத்தேன். ஷட்டரை இறக்கக் கை வைத்தவன் நின்றுவிட்டேன். உள்ளே இருட்டில் அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. பதினாறாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இருந்தாலும் போட்டோவைக் கழற்றி, மாலை கசங்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு."